ஆவடித் தீர்மானம் முதல் நிலக்கரி நாட்டுடைமை வரை: மோகன் குமாரமங்கலத்தின் அரசியல் வாழ்வு (1939–1973)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தமிழகத் தலைவர்களுள் ஒருவராக விளங்கிப் பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1971 முதல் 1973 வரை நடுவண் அரசின் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சராகப் பணியாற்றியவர் மோகன் குமாரமங்கலம். அவரது வாழ்வைக் 'கட்சி மாறியவரின் கதை' என்றோ, 'காங்கிரசுக்குள் ஊடுருவிய கம்யூனிஸ்டின் கதை' என்றோ கூறும் இரு விளக்கங்களும் போதுமானவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். 1955இல் ஆவடியில் நிறைவேறிய 'சோசலிச பாணி சமுதாயம்' என்னும் தீர்மானம் கம்யூனிஸ்டுகளிடையே எழுப்பிய வினாவுக்கு அவர் கண்ட விடையின் தொடர்ச்சியாகவே அவரது அமைச்சுப் பணியைக் காணவேண்டும். அவ்விடையின் வலிமையை நிலக்கரிச் சுரங்க நாட்டுடைமையிலும், அதன் குறையை 1973ஆம் ஆண்டு நீதிபதி நியமனச் சர்ச்சையிலும் இக்கட்டுரை இனங்காண்கிறது.

திறவுச்சொற்கள்: மோகன் குமாரமங்கலம், ஆவடி காங்கிரஸ், பொதுவுடைமை இயக்கம், நாட்டுடைமை, நிலக்கரி, இந்திய உருக்கு ஆணையம், நீதித்துறை.

1. முன்னுரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ளது திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் கோயிலால் பழம்பெருமை பெற்ற இவ்வூரின் இருபுறமும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழில்மயமாயின. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையும் பின்னர்த் தொழிற்பேட்டையும், ஆவடியில் 1960களில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தன. இவ்வட்டாரம் இந்திய அரசியல் வரலாற்றில் இடம்பெற்றதோ அதற்கு முன்பே, 1955 ஜனவரியில் ஆவடியில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரசின் அறுபதாவது மாநாட்டின் வழியாகும். யு. என். தேபர் தலைமையில், காமராசர் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது கூடிய அம்மாநாடு, முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் ஒரு சோசலிச பாணி சமுதாயத்தைத் திட்டமிடலின் இலக்காக ஏற்றது.

இத்தீர்மானம் காங்கிரசு வரலாற்றிலும் திட்டமிடல் வரலாற்றிலும் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அது பொதுவுடைமை இயக்கத்துக்குள் தோற்றுவித்த நெருக்கடி தமிழில் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆளும் கட்சியே சோசலிசத்தைத் தன் இலக்காக அறிவிக்கும்போது, அக்கட்சியை எதிர்ப்பதா, அதனுடன் இணைந்து நின்று அவ்வறிவிப்பைச் செயலாக்க வைப்பதா என்பதே அந்நெருக்கடியின் சாரம். இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய தமிழர் மோகன் குமாரமங்கலம். அவ்வகையில் அவரது வாழ்வை ஆராய்வது ஒரு கொள்கை நிலைப்பாட்டின் விளைவுகளை ஆராய்வதாகவும் அமைகிறது.

2. குடும்பப் பின்னணியும் கட்சி வாழ்வும்

மோகன் குமாரமங்கலம் 1916 நவம்பர் 1 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை ப. சுப்பராயன் திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். இரட்டையாட்சிக் காலத்தில் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1937இல் இராஜாஜி அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். அண்ணன் பி. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். தங்கை பார்வதி கிருஷ்ணன் இறுதிவரை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கினார். ஒரே தலைமுறையில் படை, கட்சி, ஆட்சி என அரசின் வெவ்வேறு முனைகளைத் தொட்ட குடும்பம் இது.

ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்ற மோகன், கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930களின் இங்கிலாந்தில் பாசிச எதிர்ப்பு இயக்கத்தின் வழியாகப் பொதுவுடைமைக்கு வந்த இந்திய மாணவர் குழாத்தில் அவரும் ஒருவர். வழக்கறிஞர் பட்டத்துடன் 1939இல் நாடு திரும்பியபோது, அவர் தேர்ந்தெடுத்தது நீதிமன்றத்தை அன்று. அரசால் தடைசெய்யப்பட்டிருந்த கட்சியை.

இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகள் போர் எதிர்ப்பு நிலைப்பாட்டைக் கொண்டிருந்தனர். சென்னையில் தலைமறைவாக இயங்கிய கட்சி அமைப்பைக் கண்டறிந்த காவல்துறை, 1940–41இல் 'சென்னை சதி வழக்கு' எனப்படும் வழக்கைத் தொடுத்தது. பி. இராமமூர்த்தி, சி. எஸ். சுப்பிரமணியம், ஆர். உமாநாத் ஆகியோருடன் மோகன் குமாரமங்கலமும் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் மகன் அரசுக்கு எதிரான சதிவழக்கில் தண்டிக்கப்பட்டது அக்காலத்தில் பெருங்கவனத்தை ஈர்த்தது. 1942 ஜூலையில் கட்சியின் மீதான தடை நீங்கியபின் அவர் மாகாணக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகச் செயல்பட்டார்.

இக்காலகட்டத்தில் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அவர் தொழிலாளர் தெருக்களிலிருந்து எழுந்த தலைவர் அல்லர். ஜீவா மேடையாலும், இராமமூர்த்தி தொழிற்சங்கத்தாலும் பெற்ற மக்கள் தளம் அவருக்கு அமையவில்லை. அவரது வலிமை ஆவணம், வாதம், அமைப்பு ஆகியவற்றில் இருந்தது. இரண்டாவது, அரசு என்பதை வெளியிலிருந்து எதிர்கொள்ளும் ஆற்றலாக மட்டுமன்றி, உள்ளிருந்து இயங்குவதைக் கண்டு வளர்ந்த பொறியாகவும் அவர் அறிந்திருந்தார். பிற்காலத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டுக்கு இவ்விரண்டும் அடித்தளமாயின எனலாம்.

3. ஆவடி எழுப்பிய வினா

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் காங்கிரசு பெரும்பான்மை பெறவில்லை. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாயினர். ஆட்சியமைக்கும் வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருப்பதாக அவர்கள் எண்ணிய சூழலில்தான், மூன்றாண்டுகளுக்குள் ஆவடித் தீர்மானம் வந்தது. அடுத்த மாதமே நடந்த ஆந்திரச் சட்டமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 15 இடங்களையே பெற்றுப் படுதோல்வி அடைந்தது. அதே 1955 பிப்ரவரியில் பிலாய் உருக்காலை அமைப்பதற்கான உடன்பாடு சோவியத் நாட்டுடன் கையெழுத்தாயிற்று. நேருவின் அயலுறவுக் கொள்கையை மாஸ்கோ பாராட்டத் தொடங்கியிருந்தது. உள்நாட்டில் எதிரி, வெளிநாட்டில் நண்பன் என்னும் இரட்டை நிலையில் நேரு அரசைக் கணிக்கவேண்டிய கட்டாயம் கட்சிக்கு ஏற்பட்டது.

1956இல் பாலக்காட்டில் கூடிய கட்சியின் நான்காவது மாநாட்டில் இவ்வினா வெளிப்படையாக மோதலுக்கு உள்ளாயிற்று. காங்கிரசின் முற்போக்குப் பிரிவினருடன் தேசிய முன்னணி அமைக்கவேண்டும் என ஒரு சாராரும், காங்கிரசு ஆட்சிக்கு மாற்றாக மக்களாட்சி முன்னணி அமைக்கவேண்டும் என மற்றொரு சாராரும் வாதிட்டனர். 1964இல் கட்சி பிளவுற்றதற்குச் சீன எல்லைப்போரும் சோவியத்–சீன முரண்பாடும் காரணங்களாயினும், காங்கிரசை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் இவ்வினாவே பிளவின் அடித்தளத்தில் இருந்தது.

பிளவு நேர்ந்த அக்காலத்தில்தான், 1947 முதலான கட்சிக் கொள்கையை மீளாய்வு செய்து மோகன் குமாரமங்கலம் ஓர் ஆவணம் எழுதினார். 'குமாரமங்கலம் கோட்பாடு' எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அதன் மையக் கருத்து இதுவாகும்: நாட்டின் முற்போக்கு எண்ணங்கொண்ட மக்களில் பெரும்பகுதியினர் காங்கிரசின் செல்வாக்கிலேயே உள்ளனர், காங்கிரசு முழுவதையும் ஒரே எதிரியாகக் கருதும் உத்தி அம்மக்களிடமிருந்து கம்யூனிஸ்டுகளைப் பிரித்துவிடுகிறது, எனவே காங்கிரசுக்குள் இருக்கும் முற்போக்கு ஆற்றல்களுடன் இணைவதே வழி.

1973இல் சதீந்திர சிங் இவ்வாவணத்தை நூலாக வெளியிட்டு, அதனைக் காங்கிரசைக் கைப்பற்றும் திட்டம் என்னும் நோக்கில் முன்வைத்தார். இவ்விளக்கம் அக்கால அரசியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. ஆயினும் இது மூன்று காரணங்களால் ஏற்கத்தக்கதன்று. ஒன்று, ஆவணம் கட்சிக்குள் நடந்த விவாதத்தின் பகுதி. அதனைக் கட்சி தன் கொள்கையாக ஏற்கவில்லை. இரண்டு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1969க்குப் பின் இந்திரா காந்தியின் அரசை ஆதரித்தபோதும் தனிக்கட்சியாகவே நின்றது, கலந்துவிடவில்லை. மூன்று, கட்சியை விட்டு விலகியபோது மோகன் தம்முடன் ஓர் அமைப்பைக் கொண்டுசெல்லவில்லை. படையின்றிச் சென்றவரை ஊடுருவல் படையின் தளபதி எனக் கொள்வது பொருந்தாது. பின்னாளில் அவர் எதிர்கொண்ட சிக்கல் ஊடுருவலின் வெற்றியால் வந்ததன்று. தனித்துச் சென்றதால் வந்தது.

4. கட்சியிலிருந்து ஆட்சிக்கு

1966–67இல் மோகன் குமாரமங்கலம் சென்னை மாநிலத் தலைமை வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஒருகாலத்தில் அரசு தொடுத்த சதிவழக்கின் குற்றவாளி, அதே மாநில அரசின் முதன்மைச் சட்ட அலுவலரானார். இதற்கு முந்தைய ஆண்டில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்த 1965இல், இந்தியாவின் மொழி நெருக்கடி குறித்து அவர் எழுதிய ஆங்கில நூலைச் சென்னையில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வெளியிட்டது. மக்கள் மொழிகள் ஆட்சியிலும் கல்வியிலும் உரிய இடம்பெறவேண்டும் என்னும் பொதுவுடைமை இயக்கத்தின் நிலைப்பாட்டை ஒட்டிய அந்நூல், அவர் கட்சியை விட்டு விலகிய காலத்திலும் அதன் கருத்துலகை விட்டு விலகவில்லை என்பதற்குச் சான்றாகும்.

காங்கிரசில் சேர்ந்தபின் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்றது அவருக்குப் பொதுத்துறை நிர்வாகத்தில் நேரடிப் பட்டறிவைத் தந்தது. 1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, அவ்வாண்டிறுதியில் காங்கிரசு பிளவுற்றபோது அவர் இந்திரா காந்தியின் நெருங்கிய ஆலோசகர் வட்டத்தில் இருந்தார். 1971 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில் புதுச்சேரித் தொகுதியில் காங்கிரசு வேட்பாளராக வென்றார். திராவிட முன்னேற்றக் கழகமும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் அத்தேர்தலில் அவரது கட்சியுடன் ஒரே அணியில் இருந்தன.

அவர் வென்ற தொகுதியே ஓர் ஒப்பீட்டுக்கு இடந்தருகிறது. புதுச்சேரியின் பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையா, 1936 ஆலைத் தொழிலாளர் போராட்டத்திலிருந்தும் பிரெஞ்சிந்திய விடுதலை இயக்கத்திலிருந்தும் எழுந்தவர். 1969இல் அமைந்த ஃபாரூக் மரைக்காயர் தலைமையிலான கூட்டணி அமைச்சரவையில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பிலேயே அமைச்சரானார். கேரளத்தில் சி. அச்சுத மேனன் அதே கட்சியின் முதலமைச்சராகக் காங்கிரசின் துணையுடன் ஆட்சி நடத்தினார். கட்சியுடன் ஆட்சிக்குச் சென்ற இவர்களின் அதிகாரம் சிறியது. அதனைத் தாங்கிய அமைப்பு அவர்களுடையது. கட்சியின்றி ஆட்சிக்குச் சென்ற மோகனின் அதிகாரம் பெரியது. அதனைத் தாங்கியதோ பிரதமரின் நம்பிக்கை மட்டுமே.

5. உருக்கும் நிலக்கரியும்

ஆவடித் தீர்மானத்தின் நேரடி விளைவு 1956 ஏப்ரல் 30 அன்று வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம். அதன் 'அ' பட்டியலில் அரசுக்கென ஒதுக்கப்பட்ட பதினேழு தொழில்களுள் இரும்பு–உருக்கும் நிலக்கரியும் அடங்கும். ஆனால் ஏற்கெனவே தனியார் வசம் இருந்த நிறுவனங்களை அத்தீர்மானம் தொடவில்லை. இதனால் உருக்குத் தொழிலில் புதிய ஆலைகள் அரசுடையனவாக எழுந்தபோது, அவற்றுக்கு எரிபொருள் வழங்கும் சுரங்கங்கள் பெரும்பாலும் தனியாரிடமே இருந்தன. ஆவடியில் தொடங்கிய கொள்கையின் நிறைவேறாத பகுதி நிலக்கரிதான். மோகன் குமாரமங்கலத்தின் அமைச்சுப் பணி அப்பகுதியை முடிப்பதாக அமைந்தது.

அவர் அதனைப் படிப்படியாகச் செய்தார். 1971 அக்டோபரில் உருக்காலைகளுக்கு இன்றியமையாத கல்கரி, அதாவது கோக் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை அவசரச் சட்டத்தின்வழி அரசு ஏற்றது. 1972 மே 1 அன்று அவை நாட்டுடைமையாயின. 1973 ஜனவரி இறுதியில் 700க்கும் மேற்பட்ட ஏனைய நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகம் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு மே 1 முதல் அவையும் நாட்டுடைமையாயின. முதலில் நிர்வாகம், பின்னர் உடைமை என்னும் இவ்வரிசை தற்செயலன்று. உரிமையாளர்கள் இயந்திரங்களை அகற்றவோ ஆவணங்களை மாற்றவோ கால இடைவெளி கிடைக்காதவாறு அமைந்த சட்ட உத்தி அது. இரண்டு முறையும் நாட்டுடைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் தொழிலாளர் நாள் என்பதும் கருதத்தக்கது.

1973இல் நிலக்கரித் தொழில் குறித்து எழுதிய நூலில் தம் முடிவுக்கான காரணங்களை அவர் முன்வைத்தார். எளிதில் எடுக்கத்தக்க படுகைகளை மட்டும் அகழ்ந்து எஞ்சியவற்றைப் பாழாக்கும் முறை, பாதுகாப்பில் முதலிடாமை, ஊதியக்குழு நிர்ணயித்த கூலியை வழங்காமை, ஒப்பந்ததாரர் வழி ஆள்சேர்ப்பு ஆகியவை தனியார் சுரங்கங்களின் மீது சாட்டப்பட்ட குறைகள். கொள்கை முழக்கத்தைவிட இயற்கை வளக் காப்பு, உற்பத்தித் தேவை ஆகியவற்றின் அடிப்படையில் வாதத்தைக் கட்டியது அவரது தனித்தன்மை. டாடா இரும்பு உருக்கு நிறுவனத்தின் சொந்தச் சுரங்கங்களுக்கு விலக்களிக்கப்பட்டதும் இதே நடைமுறை நோக்கில் விளங்கிக்கொள்ளத்தக்கது.

உருக்குத் துறையில் அவரது பங்களிப்பு அமைப்பு சார்ந்தது. 1972 ஜூலையில் பர்ன்பூரிலுள்ள இந்திய இரும்பு உருக்குக் கம்பெனியின் நிர்வாகம் ஏற்கப்பட்டது. 1972 டிசம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கொள்கை அறிக்கையை அடுத்து, 1973 ஜனவரி 24 அன்று இந்திய உருக்கு ஆணையம் (செயில்) ஒரு தாய்நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. அமைச்சகச் செயலாளரான வதூத் கானே அதன் முதல் தலைவராகவும் அமர்ந்தார். அமைச்சகத்துக்கும் ஆலைக்கும் இடையிலான கோப்புப் பயணத்தைக் குறைப்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

தமிழகத்துக்கு இதில் தனித்த அக்கறை இருந்தது. சேலம் உருக்காலை வேண்டி 1967 ஜூலையில் அண்ணாவின் அரசு 'எழுச்சி நாள்' கொண்டாடியது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அன்றைய சேலம் மாவட்டக் குடும்பத்தவரான ஒருவர் உருக்குத்துறை அமைச்சராக வந்தபோது எதிர்பார்ப்பு மிகுந்தது. ஆலை உற்பத்தியைத் தொடங்கியதோ 1981இல்தான். அதுவும் கஞ்சமலை இரும்புத்தாதுவை உருக்கும் ஆலையாக அன்றித் துருப்பிடிக்காத உருக்குத் தகடு உருட்டும் ஆலையாக.

நாட்டுடைமையின் விளைவுகளை மதிப்பிடுகையில் ஓர் உண்மையைத் தவிர்க்கவியலாது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அச்சுரங்கம் 1972 முதல் அரசு நிர்வாகத்தில் இருந்த இந்திய இரும்பு உருக்குக் கம்பெனிக்கு உரியது. உடைமை மாறினால் பாதுகாப்பும் தானே மாறும் என்னும் நம்பிக்கை பொய்த்தது. சட்டம் மேலிருந்து உடைமையை மாற்றியது. சுரங்கத்துக்குள் தொழிலாளரின் குரலுக்கு அதிகாரம் அளிக்கும் அமைப்பு கீழிருந்து உருவாகவில்லை. கட்சியின்றி ஆட்சிக்குச் சென்றதன் குறை இங்கு முதலில் புலப்படுகிறது.

6. நீதித்துறையும் ஒரு முரணும்

சொத்துரிமை தொடர்பான தீர்ப்புகள் நாட்டுடைமைக் கொள்கைக்குத் தடையாயின என்பது மோகன் குமாரமங்கலத்தின் உறுதியான கருத்து. 1967ஆம் ஆண்டு கோலக்நாத் தீர்ப்பைக் கடக்கும் வகையில் 1971இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்புத் திருத்தங்களை விளக்கி அவர் தனி வெளியீடு எழுதினார். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு வெளியானது. மறுநாளே ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர்.

மே 2 அன்று மக்களவையில் இம்முடிவுக்கு முதன்மையான விளக்கம் அளித்தவர் சட்ட அமைச்சர் அல்லர். உருக்குத்துறை அமைச்சரான மோகன் குமாரமங்கலமே. பணிமூப்பு மட்டுமே அளவுகோலாகக் கூடாது என்னும் 1958ஆம் ஆண்டு சட்ட ஆணையத்தின் பதினான்காவது அறிக்கையை அவர் துணைக்கொண்டார். அதைத் தாண்டி, நீதிபதியின் அடிப்படை நோக்கையும் வாழ்க்கைத் தத்துவத்தையும் கருத்திற்கொள்ள அரசுக்கு உரிமை உண்டு என்றும் வாதிட்டார். சட்ட ஆணையம் தகுதியை முன்னிறுத்தியது; அவர் நோக்கை முன்னிறுத்தினார். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது.

1964 ஆவணத்தையும் 1973 உரையையும் இணைத்துப் பார்க்கும்போது இவ்வாதத்தின் வேர் தெளிவாகிறது. முன்னேற்றத்தின் திசையில் செல்லும் அரசுக்கு அதன் உறுப்புகள் அனைத்தும் இயைந்து நடக்கவேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான முன்முடிவு. அத்திசை மாறினால் என்னாகும் என்னும் வினாவை அவர் எழுப்பவில்லை. 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஏப்ரலில், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுகும் உரிமையை உச்சநீதிமன்றம் மறுத்தது. அவ்வமர்வின் தலைவர் ஏ. என். ரே. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய எச். ஆர். கன்னா 1977 ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவிக்குத் தாண்டிச் செல்லப்பட்டார். சொத்துடையோரின் தடையை நீக்கவென வகுத்த வழி, சிறைப்பட்டோரின் காப்பை நீக்கும் வழியாகவும் முடிந்தது. ஒருகாலத்தில் தாமே அரசியல் கைதியாக இருந்தவர் வகுத்த வாதம் என்பதே இதன் கடுமையான முரண். இவ்விளைவுகளைக் காண அவர் உயிருடன் இல்லை. அவற்றுக்கு அவரை நேரடிப் பொறுப்பாளராக்குவதும் முறையன்று. ஆயினும் அவரது கோட்பாட்டின் இடைவெளியை அவை வெளிப்படுத்துகின்றன.

7. முடிவுரை

1973 மே 31 அன்று சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் விமான நிலையத்துக்கு அருகில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மோகன் குமாரமங்கலமும், கோவை மக்களவை உறுப்பினரும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான கே. பாலதண்டாயுதமும் இருந்தனர். 1974இல் இரு தொகுதிகளிலும் நடந்த இடைத்தேர்தல் முடிவுகள் நம் வாதத்துக்குத் துணைசெய்கின்றன. கோவையைக் கம்யூனிஸ்ட் கட்சி தக்கவைத்தது. வென்றவர் மோகனின் தங்கை பார்வதி கிருஷ்ணன். புதுச்சேரியை அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் கைப்பற்றியது. கூட்டணிக் கணக்குகள் இதில் பங்கு வகித்தன என்பது உண்மையே. எனினும் ஒருவரது இடத்தை அவரது அமைப்பு நிரப்பியது. மற்றவரது இடத்தை நிரப்ப அவருக்கென ஓர் அமைப்பு இல்லை.

மோகன் குமாரமங்கலம் தம் கொள்கையைக் கைவிட்டுப் பதவிக்குச் சென்றவர் அல்லர். ஆவடியில் ஆளும் கட்சி அறிவித்ததை அதன் கையாலேயே செய்விக்க முடியும் என நம்பி, அதில் ஒரு பகுதியை இரண்டே ஆண்டுகளில் செய்தும் காட்டியவர். நிலக்கரித் தொழிலில் அரசின் முதன்மை, 2015ஆம் ஆண்டுச் சட்டமும் 2020இல் தொடங்கிய வணிகச் சுரங்க ஏலங்களும் தனியாருக்கு வழிதிறக்கும் வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அரசை உள்ளிருந்து மாற்றலாம் என்பதற்கு அது சான்று. அவ்வாறு மாற்றப்பட்ட அரசைக் கண்காணிக்க வெளியில் ஓர் இயக்கமும், உள்ளே சுதந்திரமான நீதிமன்றமும் தேவை என்பதற்கு 1973க்குப் பிந்தைய நான்கு ஆண்டுகள் சான்று. தமிழகப் பொதுவுடைமை இயக்க வரலாற்றை எழுதுவோர் அவரை விலகிச் சென்றவர் பட்டியலில் ஒரு வரியாக விட்டுவிடாமல், இவ்விரு சான்றுகளையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுவது அவசியமாகும்.